மாடியில் வைஃபை வரவே இல்லை: மெஷ் வாங்கவா, கேபிள் இழுக்கவா?

மாடிஅறை:

எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் சொந்த வீடு. கீழ்த்தளம் முதலில் கட்டியது, மாடி பல வருடம் கழித்து எடுத்தது. ஃபைபர் பெட்டி கீழே முன்ஹாலில், டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிறது. இணைப்புக் கொடுக்க வந்தவர்கள் கம்பத்திலிருந்து வந்த வயரை எந்த ஜன்னல் வழியாக விடுவது அவர்களுக்குச் சுலபமோ அந்த வழியாக உள்ளே விட்டு, அங்கேயே மாட்டிவிட்டுப் போனார்கள். 200 எம்பிபிஎஸ் திட்டம். ஹாலில் உட்கார்ந்து பார்த்தால் 190க்கு மேல் வருகிறது, ஆக இணைப்பைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எனக்கு வேலை முழுக்க வீட்டிலிருந்துதான். என் அறை மாடியில் பின்பக்க மூலை. அங்கே போனில் ஒரு கோடு தெரியும், சில நேரம் அதுவும் இருக்காது. லேப்டாப் வைஃபை பெயரைக் காட்டும், ஆனால் சேராது. மீட்டிங் நேரத்தில் மொபைல் ஹாட்ஸ்பாட் போட்டுத்தான் ஓட்டுகிறேன், சாயங்காலம் ஆனால் அதுவும் தள்ளாடுகிறது. மாடி முன்னறையில் கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் அது தம்பி படிக்கிற இடம், அவனை எழுப்பிவிட்டு நான் உட்கார முடியாது.

கடையில் கேட்டேன். ஒருவர் சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்புகிற ரிப்பீட்டர் ஒன்று போதும் என்றார், பக்கத்துக் கடைக்காரர் ஆறு ஆன்டெனா உள்ள ரவுட்டர் வாங்கினால் தெருமுனை வரை வரும் என்றார். நெட்டில் பார்த்தால் எல்லோரும் மெஷ் மெஷ் என்கிறார்கள், அதாவது தங்களுக்குள் பேசிக்கொண்டு ஒரே வைஃபையாக ஓடுகிற பல பெட்டிகள். எதை வாங்கினால் இரண்டாவது தடவை செலவு வைக்காது? பத்தாயிரத்துக்குள் முடிந்தால் நல்லது. சுவரை உடைக்க அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார், இப்போதுதான் பெயின்ட் அடித்தது.

வேளச்சேரி_வாசி:

மெஷ்தான், யோசிக்கவே வேண்டாம். எங்கள் அபார்ட்மென்டில் மூன்று பெட்ரூம், கடைசி அறையில் இதே தொல்லை. இரண்டு பெட்டி உள்ள மெஷ் செட் வாங்கி ஒன்றை ஹாலிலும் ஒன்றை நடையிலும் வைத்தேன், செயலியில் சொன்னபடி பட்டனைத் தட்டினேன், முடிந்தது. வீடு முழுக்க ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. கேபிள் கீபிள் எல்லாம் 2005 சமாசாரம்.

ரிப்பீட்டர் மட்டும் வாங்கிவிடாதீர்கள். அதில் எனக்கும் சந்தேகமே இல்லை.

செம்புக்கம்பி:

வேளச்சேரி நண்பர் சொல்வது அவர் வீட்டுக்குச் சரி. அவருக்கு நடுவில் இருப்பது நாலரை அங்குலச் செங்கல் சுவரும் மரக்கதவும். இவருக்கு நடுவில் இருப்பது கம்பி கட்டிய கான்கிரீட் தளம். இரண்டும் ஒன்றல்ல.

மாடிஅறை, எதையும் வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள். ஆண்ட்ராய்டு போன் என்றால் வைஃபை அனலைசர் என்று தேடினால் இலவசமாகவே பல செயலிகள் கிடைக்கும். ஐபோனில் ஆப்பிளின் ஏர்போர்ட் யூட்டிலிட்டியைப் போட்டு, செட்டிங்ஸில் வைஃபை ஸ்கேனரை ஆன் செய்தால் அதுவும் காட்டும். நீங்கள் பார்க்க வேண்டியது டிபிஎம் என்ற எண். அது எப்போதும் மைனஸில் இருக்கும், பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. பெட்டிக்குப் பக்கத்தில் நின்றால் மைனஸ் 30, 40 என்று வரும். மைனஸ் 67 வரை வீடியோ கால் நிம்மதியாக ஓடும். மைனஸ் 75ஐத் தாண்டினால் இழுபறி. 85 என்றால் பெயர் தெரியும், வேலை நடக்காது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள், இது ஸ்கேலில் அளக்கிற மாதிரி அளவு கிடையாது, 3 குறைந்தால் சிக்னல் பாதி, 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு.

ஆறு ஆன்டெனா விஷயம்: ரவுட்டர் எவ்வளவு சத்தமாகக் கத்தினாலும் உங்கள் போன் திரும்பிப் பேசியாக வேண்டும், போனின் தொண்டை சின்னது. அதனால்தான் பல வீடுகளில் பெரிய ரவுட்டர் வாங்கிய பிறகு கோடு நிறையத் தெரியும், பக்கம் மட்டும் திறக்காது. ஆன்டெனா எண்ணிக்கையைப் பார்த்து விலை கொடுப்பதில் அர்த்தமே இல்லை.

ரிப்பீட்டர் ஏன் வேண்டாம் என்றால், விலை குறைந்ததெல்லாம் ஒரே ரேடியோவில் கேட்டு அதே ரேடியோவில் திரும்பச் சொல்கிறது. ஒவ்வொரு பாக்கெட்டும் காற்றில் இரண்டு தடவை போகிறது, வேகம் சுமார் பாதியாகிறது. அதைவிட முக்கியம், ரிப்பீட்டரை எங்கே வைப்பது? உங்கள் அறையில் வைத்தால் அதற்கே சிக்னல் வராது. வராததை அது எங்கிருந்து திருப்பிச் சொல்லும்?

இதெல்லாம் சொல்லுங்கள்: ஹால், படி, மாடியின் ஒவ்வொரு இடம் என்று டிபிஎம் அளவு, படிக்கட்டு உள்ளேயா வெளியேயா, மாடியில் பழைய கேபிள் டிவி பாயின்ட், டெலிபோன் பாயின்ட் ஏதாவது இருக்கிறதா, இன்வெர்ட்டர் எதற்கெல்லாம் போகிறது.

அப்புறம், அந்தப் பெட்டியை டிவிக்குப் பின்னாலிருந்து எடுங்கள். டிவியின் பின்பக்கம் பெரும்பாலும் உலோகத் தகடு. வயர் எட்டுகிற தூரத்தில் மேலே ஒரு பலகை அடித்து வைத்தாலே கீழ்த்தளத்துக்காவது நல்லது. பீரோ, ஃப்ரிட்ஜ், கண்ணாடி, மீன்தொட்டி எல்லாவற்றுக்கும் இதுதான் கதை, உலோகம் திருப்பி அடிக்கும், தண்ணீர் குடித்துவிடும்.

கொங்குக்காற்று:

பவர்லைன் அடாப்டர் பற்றி யாரும் சொல்லவில்லையே? கீழே ஒரு பிளக்கில் ஒன்று, மாடியில் ஒரு பிளக்கில் ஒன்று, வீட்டு மின்வயர் வழியாகவே இன்டர்நெட் போய்விடும். சுவர் உடைக்க வேண்டாம், வயர் இழுக்க வேண்டாம். வெளிநாட்டில் இருக்கும் என் மச்சான் வீட்டில் அப்படித்தான் வைத்திருக்கிறார்.

மாடிஅறை:

இவ்வளவு சீக்கிரம் பதில் வரும் என்று நினைக்கவில்லை, நன்றி. பெட்டியை டிவிக்குப் பின்னாலிருந்து எடுத்து ஜன்னலுக்கு மேலே மாட்டிவிட்டுத்தான் அளந்தேன். ஹாலில் மைனஸ் 42. வெளிப்படியில் பாதி ஏறியதும் 68. மாடி முன்னறை 71, நடுக்கூடம் 78, என் அறையில் 86. இதெல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். 5 கிகாஹெர்ட்ஸ் மாடி முன்னறையோடு சரி, என் அறையில் பெயரே வரவில்லை.

படிக்கட்டு வீட்டுக்கு வெளியே, காம்பவுண்ட் ஓரமாக ஏறுகிறது. மாடிக்குத் தனி ஈபி மீட்டர், ஒரு காலத்தில் வாடகைக்கு விட்டிருந்தோம். இன்வெர்ட்டர் கீழே மட்டும்தான், மாடியில் கரண்ட் போனால் எல்லாம் போச்சு.

மாடி நடுக்கூடத்துச் சுவரில் ஒரு டிவி பாயின்ட் பெட்டி இருக்கிறது. திறந்து பார்த்தேன், பழைய கறுப்புக் கேபிள் டிவி வயர் உள்ளே போகிறது. கீழே டிவி ஸ்டாண்டுக்குப் பின்னாலும் அதே மாதிரி ஒரு பெட்டி. இரண்டும் ஒரே குழாய்தானா என்று அப்பாவுக்கு நினைவில்லை, "மேஸ்திரியைத்தான் கேட்கணும்" என்கிறார். மேஸ்திரி இப்போது எங்கே இருக்கிறாரோ.

செம்புக்கம்பி:

அந்தப் பெட்டிதான் உங்கள் பதில், ஆனால் அதற்கு முன் மற்றதைச் சொல்லிவிடுகிறேன்.

42க்கும் 86க்கும் வித்தியாசம் 44. அதாவது ஹாலில் கிடைக்கும் சிக்னலில் சுமார் இருபத்தைந்தாயிரத்தில் ஒரு பங்குதான் உங்கள் அறைக்கு வந்து சேர்கிறது. நம் ஊரில் படிக்கட்டை வெளியே வைத்துக் கட்டிய வீடுகளில் இது சர்வசாதாரணம். உள்படி இருந்தால் தளத்தில் அந்த அளவுக்காவது ஒரு திறப்பு இருக்கும், சிக்னல் அந்த வழியாக ஏறும். வெளிப்படி வீட்டில் கீழும் மேலும் நடுவே முழுத் தளம், உள்ளே கம்பி வலை. போதாததற்கு உங்கள் அறை குறுக்கே எதிர்மூலையில் இருப்பதால் அலை தளத்தைச் சாய்வாகக் கடக்கிறது, சாய்வாகக் கடந்தால் கான்கிரீட்டின் கனம் இன்னும் கூடும். 5 கிகாஹெர்ட்ஸுக்கு இந்த மாதிரி தடையில் இழப்பு 2.4ஐவிட அதிகம், அதனால்தான் பெயரே காணோம்.

மெஷ் வாங்கினால் என்ன ஆகும்? இரண்டாவது பெட்டியை மாடி முன்னறையில், 71 வருகிற இடத்தில் வைப்பீர்கள். ஓடும். ஹாட்ஸ்பாட்டை விட நன்றாகவே ஓடும். ஆனால் இரண்டு பெட்டியும் பேசிக்கொள்ள அந்த 71தான் கிடைக்கும், மேலே நீங்கள் பார்ப்பதெல்லாம் அதில் மிச்சம்.

கொங்குக்காற்று சொன்ன பவர்லைன் வேறு வீட்டில் யோசிக்கலாம். இங்கே மாடிக்குத் தனி மீட்டர் என்றால் அநேகமாகத் தனி பேஸும் கூட. ஒரு பேஸிலிருந்து இன்னொரு பேஸுக்கு அந்த சிக்னல் சரியாகத் தாவாது, நடுவில் இரண்டு மீட்டர் வேறு. மூன்று பேஸ் இணைப்பு உள்ள நம் ஊர் வீடுகளில் ஒரே தளத்திலேயே ஹால் ஒரு பேஸ், பெட்ரூம் ஒரு பேஸ் என்று பிரித்திருப்பார்கள், கூடவே இன்வெர்ட்டர் லைன் தனி. அவர் மச்சான் வீட்டு வயரிங் வேறு மாதிரி இருக்கும்.

ஆகவே கேபிள். கீழிருந்து மாடிக்கு ஒரே ஒரு ஈத்தர்நெட் (நெட்வொர்க்) கேபிள், மேலே ஒரு ஆக்சஸ் பாயின்ட், அதாவது கேபிளில் வருவதை வைஃபையாகத் தருகிற பெட்டி. மெஷ் பெயர் போட்ட பெட்டி மேல் ஆசை இருந்தால் அதையே வாங்கி இந்தக் கேபிளில் இணைக்கலாம், அதற்கும் இது ராஜபாட்டைதான். முக்கியம் கேபிள், பெட்டி அல்ல.

இன்வெர்ட்டர் கீழே மட்டும் என்றீர்களே, அதற்கும் இதிலேயே வழி இருக்கிறது. பிஓஈ என்று ஒன்று உண்டு, டேட்டா போகிற அதே கேபிளில் மின்சாரமும் போகும். கீழே இன்வெர்ட்டர் பிளக்கில் பிஓஈ இன்ஜெக்டரை, அதாவது கேபிளில் மின்சாரம் ஏற்றுகிற சின்னப் பெட்டியைச் செருகுங்கள், மாடி ஆக்சஸ் பாயின்ட் கீழ்வீட்டு இன்வெர்ட்டரில் ஓடும். மாடியில் கரண்ட் போனாலும் வைஃபை நிற்காது, லேப்டாப்பில் சார்ஜ் இருக்கிற வரை மீட்டிங்கில் இருக்கலாம். 802.3ஏஎஃப் என்ற தரத்தில் இன்ஜெக்டர் முனையில் 15.4 வாட் வரை தரும், வீட்டுக்கான சாதாரண ஆக்சஸ் பாயின்ட் பலவற்றுக்கு இது போதும். வாங்கும்போது பெட்டியில் இந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். பாசிவ் பிஓஈ என்று போட்டிருந்தால் அது வேறு ஜாதி, எது கேட்டாலும் கேட்காவிட்டாலும் மின்சாரத்தைத் தள்ளும், பொருந்தாததில் மாட்டினால் கருகும்.

இரட்டைச்சுழி:

வயர் இழுப்பதுதான் எனக்குத் தொழில், மதுரைப் பக்கம் சிசிடிவி, நெட்வொர்க் வேலை. டிவி பாயின்ட் குழாய் பற்றி நான் சொல்கிறேன்.

முதலில் இரண்டும் ஒரே குழாயா என்று பாருங்கள். மாடியில் ஒருவர் வயரை மெதுவாக இழுக்கட்டும், கீழே ஒருவர் வயரைப் பிடித்துக்கொண்டு அசைகிறதா பார்க்கட்டும். அசைந்தால் பாதி வேலை முடிந்தது. அந்தப் பழைய வயரையே இழுப்புக் கயிறாக்கிக்கொள்ளலாம். அதன் முனையில் புதுக் கேபிளைச் சேர்த்து, மேடு தட்டாமல் நீளமாக இன்சுலேஷன் டேப் சுற்றி, ஒருவர் மேலிருந்து இழுக்க ஒருவர் கீழிருந்து ஊட்ட வேண்டும். கேட்6 என்ற வகை நெட்வொர்க் கேபிளும் கேபிள் டிவி வயரும் பருமனில் ஏறக்குறைய ஒன்றுதான், ஒன்று போன வழியில் மற்றது போகும். சேர்த்துக் கட்டும்போது கூடவே ஒரு நைலான் கயிறையும் விடுங்கள், அது குழாயிலேயே கிடக்கட்டும், பின்னால் உதவும். கனெக்டர் மாட்டிய கேபிளை இழுக்காதீர்கள், வளைவில் சிக்கும். இழுத்து முடித்த பிறகு கனெக்டரை அழுத்தி மாட்டி கிரிம்ப் செய்துகொள்ளலாம்.

அசையவில்லை என்றால் முரட்டுத்தனமாக இழுக்க வேண்டாம். பழைய குழாயில் வளைவில் சிமென்ட் பால் இறங்கி வயரைப் பிடித்திருக்கும். எலக்ட்ரீஷியன் வைத்திருக்கும் ஸ்பிரிங்கை மறுமுனையிலிருந்து விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவும் போகாவிட்டால் வெளிச்சுவரில் மழைநீர்க் குழாய்க்குப் பக்கத்தில் பிவிசி குழாய் போட்டு ஏற்றிவிடலாம், உள்ளே நுழைய ஜன்னல் சட்டத்தில் ஒரு சின்ன ஓட்டை போதும், அப்பா பெயின்ட் தப்பிக்கும். வெளியே போவதென்றால் வெளியில் போடுவதற்கான கறுப்பு உறை கேபிள்தான், உள்ளே போடுகிற சாம்பல் கலர் கேபிள் வெயிலில் உறை வெடித்துவிடும். குழாய் நுழைகிற இடத்தில் கேபிளைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றி உள்ளே விடுங்கள், இல்லாவிட்டால் ஐப்பசி மழை கேபிளைப் பிடித்துக்கொண்டு நேராக வீட்டுக்குள் வரும்.

மின்வயர் போகிற குழாயில் மட்டும் நெட்வொர்க் கேபிளை விடாதீர்கள், எலக்ட்ரீஷியனே "ஒண்ணும் ஆகாது சார்" என்றாலும் கூட. உறை உரசித் தேய்ந்தால் 230 வோல்ட் உங்கள் லேப்டாப் வரை வரும்.

கேபிள் வாங்கும்போது ஒரு விஷயம். கடையில் கேட்6 என்று பாதி விலையில் ஒன்று தருவார்கள், அது அலுமினியத்தின் மேல் செம்பு முலாம். கையில் தூக்கினாலே லேசாக இருக்கும். ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளை தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிஓஈ போகிற லைனில் அது வேண்டவே வேண்டாம், மின்தடை அதிகம், சூடாகும், வளைத்தால் முறியும். சுத்தச் செம்பு கேட்5ஈ கிடைத்தால் அதுவே போதும், 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ் போகும், உங்கள் வீட்டில் இருபது மீட்டர் தேறினால் அதிகம்.

வேளச்சேரி_வாசி:

வெளிப்படி விஷயம் நான் கவனிக்கவில்லை, அபார்ட்மென்டில் அது வராது. கேபிள் இழுக்க வழியிருந்தால் அதுதான் சரி என்று நானும் மாறிக்கொள்கிறேன். ஆனால் வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு மெஷ் தவிர வேறு என்ன வழி, ஹவுஸ் ஓனர் ஒரு ஆணி அடிக்க விடமாட்டார்.

ஆக்சஸ் பாயின்ட் என்று தனியாக வாங்க வேண்டுமா, வீட்டில் பழைய ரவுட்டர் இருந்தால் அதையே போட முடியாதா? என்னிடம் ஒன்று சும்மா கிடக்கிறது, எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.

செம்புக்கம்பி:

போடலாம், தாராளமாக. புது ரவுட்டர்கள் பலவற்றில் ஆக்சஸ் பாயின்ட் மோட் என்றே ஒரு தேர்வு இருக்கும், அதை அழுத்தினால் போதும். இல்லாவிட்டால் கையால் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: பழைய ரவுட்டரின் முகவரியை முதல் பெட்டியோடு மோதாத மாதிரி மாற்றுங்கள், அது 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2. பிறகு அதில் டிஹெச்சிபியை அணையுங்கள், வீட்டில் முகவரி கொடுக்கிற வேலை ஒருவருக்குத்தான் இருக்க வேண்டும். கீழிருந்து வருகிற கேபிளை அதன் வான் (WAN, இன்டர்நெட் உள்ளே வருகிற) போர்ட்டில் செருகாமல் லான் (LAN, வீட்டுக் கருவிகளுக்கான) போர்ட்டில் செருகுங்கள். வானில் செருகினால் இன்டர்நெட் வரும், ஆனால் மாடி ஒரு தனித் தீவாகிவிடும், மாடி லேப்டாப்பிலிருந்து கீழ்த்தளப் பிரிண்டரைப் பிடிக்க முடியாது. சிசிடிவியை மாடியிலிருந்து பார்க்க முடியவில்லை என்று புலம்புகிற வீடுகளில் இது அடிக்கடி நடக்கிற கதை.

போர்ட் வேகத்தைப் பாருங்கள். ஏசி1200 என்று வைஃபை வேகத்தைப் பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்தாலும் விலை குறைந்த சிலவற்றில் பின்னால் இருப்பது 100 எம்பிபிஎஸ் போர்ட்தான். 200 திட்டத்துக்கு அதை வாங்கினால் பாதியைக் கேபிளிலேயே விட்டுவிடுவீர்கள். கிகாபிட் என்று எழுதியிருக்க வேண்டும். பழைய ரவுட்டரில் பிஓஈ இருக்காது, அதை மாடி பிளக்கில்தான் ஓட்ட வேண்டும், அல்லது கேபிள் முனையில் 12 வோல்ட்டாகப் பிரித்துக் கொடுக்கிற ஸ்பிளிட்டர் போட வேண்டும்.

பெயரும் பாஸ்வேர்டும் பாதுகாப்பு வகையும் மேலும் கீழும் ஒன்றாகவே இருக்கட்டும், போன் தானாக மாறிக்கொள்ளும். சேனல் மட்டும் வேறு வேறு. 2.4இல் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருப்பது 1, 6, 11தான். கீழே 1, மேலே 11 வையுங்கள், அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 40 வைத்தால் வேகம் கூடும் என்று நினைத்து வைப்பார்கள், நெருக்கமான தெருவில் அது பக்கத்து வீட்டுச் சத்தத்தையெல்லாம் சேர்த்து வாங்கிக்கொள்வதுதான். 5 கிகாஹெர்ட்ஸில் இந்தியாவில் 2018 இறுதியிலிருந்து நிறைய இடம் திறந்துவிட்டிருக்கிறார்கள், கீழே 36, மேலே 149 என்று வைத்தால் நிம்மதி. 52 முதல் 144 வரையிலான சேனல்கள் ரேடாரோடு பங்குபோடுகிற இடம், ரவுட்டர் ஒரு சேனலுக்குள் நுழையும் முன் குறைந்தது ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்க வேண்டும், நடுவில் ரேடார் மாதிரி ஏதாவது தெரிந்தால் எழுந்து ஓட வேண்டும். மீட்டிங் நடுவில் அந்த வேலை நமக்கு எதற்கு.

மாடிஅறை:

வேலை முடிந்தது, விவரம் சொல்கிறேன்.

வயர் அசைந்தது! எலக்ட்ரீஷியன் அண்ணன் மேலே, நான் கீழே. நடுவில் ஒரு இடத்தில் பிடித்தது, கொஞ்சம் சோப்புத் தண்ணீர் விட்டு ஆட்டி ஆட்டி இழுத்ததில் வந்துவிட்டது. சுத்தச் செம்பு கேட்6, கத்தியால் சுரண்டிப் பார்த்தேதான் வாங்கினேன், கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நைலான் கயிறும் உள்ளே கிடக்கிறது. வைஃபை 6 ஆக்சஸ் பாயின்ட் ஒன்று, 802.3ஏஎஃப் பார்த்து வாங்கி மாடி நடுக்கூடத்தில் அந்தப் பெட்டிக்கு மேலேயே மாட்டியாயிற்று. இன்ஜெக்டர் மட்டும் எலக்ட்ரீஷியன் கையிலிருந்ததைக் கொடுத்தார். கூலியோடு சேர்த்துப் பத்தாயிரத்துக்குள் அடங்கிவிட்டது. அப்பாவுக்குப் பெயின்டில் கை வைக்கவில்லை என்பதே பெரிய சந்தோஷம்.

என் அறையில் இப்போது 5 கிகாஹெர்ட்ஸில் மைனஸ் 56, முன்னறையில் 53. மீட்டிங் எல்லாம் அருமையாகப் போகிறது. ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது. மாடியில் எங்கே நின்று ஸ்பீட் டெஸ்ட் எடுத்தாலும் 93, 94, அதற்கு மேல் ஏறவே இல்லை. ஆக்சஸ் பாயின்ட்டுக்கு நேர் கீழே நின்றாலும் அதே 94. கீழே ஹாலில் பழையபடி 190 வருகிறது.

இரட்டைச்சுழி:

எங்கே நின்றாலும் 94 என்றால் அது வைஃபை இல்லை, நடுவில் எங்கோ ஒன்று 100 எம்பிபிஎஸில் ஓடுகிறது. 100 போர்ட்டில் டேட்டாவோடு சேர்ந்து போகிற முகவரி விவரங்களுக்கான செலவு போக நிகரமாக வருவது அந்த 94தான். வைஃபை கோளாறாக இருந்தால் எண் இடத்துக்கு இடம் ஆடும்.

சந்தேகப்பட மூன்று இடம். ஃபைபர் பெட்டியில் சிலவற்றில் ஒரு போர்ட் மட்டும் கிகாபிட், மற்றவை 100. கிரிம்ப் சரியில்லாமல் எட்டுக் கம்பியில் ஏதாவது ஒன்று தொடாமல் இருக்கலாம், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும், 100க்கு நான்கு போதும், அதனால் ஓடிக்கொண்டே இருக்கும், யாருக்கும் தெரியாது. ஆனால் நான் பந்தயம் கட்டுவது இன்ஜெக்டர் மேல். எங்கள் மாதிரி ஆட்கள் பையில் வைத்திருப்பது கேமராவுக்கான இன்ஜெக்டர், கேமராவுக்கு 100 போதும் என்பதால் பெரும்பாலும் அந்த வேகத்தில்தான் இருக்கும்.

சோதிப்பது சுலபம். இன்ஜெக்டரைக் கழற்றிவிட்டு ஃபைபர் பெட்டியிலிருந்து கேபிளை நேரே விடுங்கள், மாடி முனையை லேப்டாப்பில் செருகி லிங்க் வேகம் பாருங்கள்.

மாடிஅறை:

நேராக விட்டதும் லேப்டாப்பில் 1 ஜிபிபிஎஸ் காட்டுகிறது. இன்ஜெக்டரின் அடியில் சின்ன எழுத்தில் 10/100 என்று இருக்கிறது. கிகாபிட் இன்ஜெக்டர் வாங்கி மாற்றிவிட்டேன், இப்போது என் அறையிலேயே 190. நேற்று ராத்திரி மாடியில் கரண்ட் போனபோது ஃபேன் நின்றது, நெட் நிற்கவில்லை.

கடைசியாக இரண்டு கேள்வி. ஹாலில் இருந்துவிட்டு மாடி ஏறி வந்தால் போன் கீழ்ப்பெட்டியையே பிடித்துக்கொண்டு தொங்குகிறது, வைஃபையை அணைத்துப் போட்டால்தான் மாடிக்கு மாறுகிறது. இன்னொன்று, தம்பி தன் கம்ப்யூட்டருக்கு நேரடியாகக் கேபிள் வேண்டும் என்கிறான், மாடியில் ஒரு ஸ்விட்ச் வாங்கி நடுவில் போட்டால் போதுமா?

செம்புக்கம்பி:

எப்போது மாறுவது என்று தீர்மானிப்பது போன்தான், ரவுட்டர் அல்ல. பழைய சிக்னல் உயிரோடு இருக்கிற வரை சில போன்கள் விடாது. கீழ்ப்பெட்டியில் 2.4இன் டிரான்ஸ்மிட் பவரை மீடியத்துக்குக் குறையுங்கள், ஹாலுக்கும் சமையலறைக்கும் அது தாராளம். படி ஏறும்போதே கீழ்ச் சிக்னல் செத்துவிடும், போன் தானாக மேலே பார்க்கும். ஆக்சஸ் பாயின்ட் செட்டிங்ஸில் 802.11கே, 802.11வி என்று இருந்தால் அதையும் ஆன் செய்யுங்கள், அதன் சிக்னல் மங்கும்போது பக்கத்தில் இன்னொன்று இருக்கிறது என்று போனுக்கு எடுத்துச் சொல்லும். அது முழுசாகப் பலிக்க இரண்டு பெட்டியிலும் இருக்க வேண்டும், கீழ்ப்பெட்டியில் இல்லையென்றால் பவர் குறைப்பதுதான் வழி.

தம்பிக்கு: சாதாரண ஸ்விட்சை நடுவில் போட்டால் டேட்டா போகும், மின்சாரம் அதைத் தாண்டாது, ஆக்சஸ் பாயின்ட் அணைந்துவிடும். முதலில் ஆக்சஸ் பாயின்ட்டில் இரண்டாவது ஈத்தர்நெட் போர்ட் இருக்கிறதா பாருங்கள், சிலவற்றில் இருக்கும், அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் பிஓஈ பாஸ்த்ரூ உள்ள சின்ன ஸ்விட்ச் என்று கேட்டு வாங்குங்கள், அது வருகிற மின்சாரத்தில் தானும் ஓடி மிச்சத்தை ஆக்சஸ் பாயின்ட்டுக்கு அனுப்பும். ஆனால் அதற்கு 15.4 வாட் இன்ஜெக்டர் போதாது, 802.3ஏடி (802.3at), 30 வாட் வகை வேண்டும். இப்போதுதான் இன்ஜெக்டர் மாற்றினீர்கள், திருப்பிக் கொடுக்க முடியுமா என்று நாளைக்கே கடையில் கேட்டுவிடுங்கள்.